சக்கரபாணிக்கு வந்த வயிற்று வலி

நெய்வேலியில் மண்ணைத் தோண்டினால் பழுப்பு நிலக்கரி கிடைக்கும். மனிதர்களைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று எந்த நிபுணரும் இதுவரை ஆராய்ந்ததில்லை. நான் ஆராய்ந்திருக்கிறேன். தியாகம் கிடைக்கும். அதிலும் கணவன்மார்களைத் தோண்டினால் ஆழமாகப் போகவே வேண்டாம். மேல்மண்ணிலேயே கொட்டிக் கிடக்கும்.

ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்களைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஸ்டோர்ஸ் குமாஸ்தா சக்கரபாணியைப் பற்றி ஒரு வரி உண்டா? மனைவி முன்னேறிய பிறகும் பதிமூன்று நாட்கள் உயிரோடு இருந்து காட்டிய மாவீரன் அவர். அந்தக் குறையைத் தீர்க்கவே பேனாவை எடுத்தேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். அதே ஸ்டோர்ஸில் தலைமை குமாஸ்தா. சக்கரபாணிக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். எங்கள் பிளாக் குடியிருப்போர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். என் சர்வீஸில் ஒரு காகிதத்தைக்கூட முறை தவறி அனுப்பியதில்லை. நாள்பட்ட வயிற்று வலிக்காரன். மிளகு ரசமும் குழைந்த சோறும்தான் என் ஆகாரம். இந்தக் கடைசி விவரம் சரித்திரத்துக்குத் தேவையா என்று தோன்றலாம். அன்று எனக்கும் தேவையில்லை என்றுதான் தோன்றியது.

அறுபத்து நாலாம் வருஷம். சூப்பிரண்டு பதவிக்கு இலாகா பரீட்சை வந்தது. சக்கரபாணி மூன்றாம் தடவையாக எழுதக் கிளம்பினார். அவர் மனைவி புஷ்பவல்லி அதே ஆபீஸில் தபால் பிரிவில் குமாஸ்தா. அவளையும் விண்ணப்பம் போட வைத்தார். கடலூர் வரை பஸ்ஸில் பேச்சுத் துணை ஆயிற்று. கட்டுச்சோற்றைத் தூக்க ஆள் ஆயிற்று. அடுத்தடுத்த எண் கிடைத்தால், தெரியாத கேள்விக்கு முன் பெஞ்சை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பெண் கல்விக்கு இதைவிடப் பெரிய ஆதரவை எந்தச் சீர்திருத்தவாதி தந்திருக்கிறார்?

எண் அடுத்தடுத்துத்தான் கிடைத்தது. ஆனால் புஷ்பவல்லி முன் பெஞ்சில் உட்காரவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முடிவு வந்தது. அவள் பாஸ். அவர் இல்லை.

"இந்த வருஷம் பேப்பர் ரொம்ப சுலபம் அண்ணே," என்றார் சக்கரபாணி என்னிடம். "சுலபமான பேப்பர் எனக்கு எப்பவுமே ஒத்துவராது."

ஆர்டர் மறு வாரம் வந்தது. தபால் பிரிவின் பழைய சூப்பிரண்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நாற்காலியில் திங்கட்கிழமை முதல் தற்காலிகமாகப் புஷ்பவல்லி. பதினைந்து நாளைக்குள் 'சம்மதம்' அல்லது 'சம்மதமில்லை' என்று எழுதித் தரவேண்டும். சம்மதமில்லை என்றால் பதவி அடுத்தவருக்குப் போய்விடும். அவள் மறுபடி பரீட்சை எழுத ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே 'சம்மதம்' எழுதியிருப்பார்கள். புஷ்பவல்லி எழுதவில்லை. கணவன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவோம் என்று காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். எத்தனை ஆபத்தான ஆசை பாருங்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் சுவர்கள் மெல்லியவை. பொறுப்புள்ள செயலாளருக்கு அது ஒரு வரப்பிரசாதம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் என் 'பொறுப்பை'ச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"வெந்நீர் வெச்சிருக்கேன். குளிச்சிட்டு வாங்க."

"இது சூப்பிரண்டு அம்மாவோட உத்தரவா, வேண்டுகோளா?"

"வெந்நீருங்க."

"எழுத்து மூலமா இருந்தா நல்லது. நாளைக்கு யாரும் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க."

பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம். பிறகு புஷ்பவல்லியின் குரல், அடங்கி.

"ஒரே ஒரு வார்த்தை. சந்தோஷம்னு சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறேன்."

"சந்தோஷப்பட நான் யாரு? கீழ்மட்ட ஊழியன். அதுக்கெல்லாம் மேலிடத்து அனுமதி வேணும்."

என்ன அடக்கம். என்ன பணிவு. அன்று அவர் வெந்நீரில் குளிக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, தும்மியபடியே, அவள் ஏறும் ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். அரை மணி நேரம் தாமதம். தலைமை குமாஸ்தா என்ற முறையில் நான் வருகைப் பதிவேட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்தேன். ஒரு லட்சியத்துக்கு நம்மால் ஆனது.

இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்ப்பவள் சின்னம்மாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் நடந்து வருகிறவள். உயர்ந்த விஷயங்கள் அவளுக்குப் புரிவதில்லை.

"ஏன் சார், பக்கத்து வூட்டு சாருக்கு ஒடம்பு செரியில்லியா? மூணு நாளா சோத்த அளைஞ்சிகினே ஒக்காந்துகினு இருக்காரு."

"அவங்க வீட்டம்மாவுக்குப் பெரிய வேலை கெடச்சிருக்கு சின்னம்மா."

"அதுக்கு அவுருக்கு ஏன் சோறு எறங்கல? எங்க வூட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன். எங்க ஊட்டுக்காரரு வக்கணையாத் துண்ணுகினு மீசைய முறுக்கிகினு கெடக்குறாரு. ஒண்ணும் கொட்டிப் போவல."

இப்படிப்பட்ட கொச்சையான வாதங்களுக்குப் பதில் சொல்வதில்லை என்பது என் கொள்கை.

ஒன்பதாம் நாள் பெரிய இடி விழுந்தது. சூப்பிரண்டுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் உண்டு. முன்புறம் தோட்டம், பின்புறம் மாட்டுக் கொட்டகை. வாசலில் பெயர்ப் பலகை. அந்த வீட்டுக்கான படிவத்தை சக்கரபாணி என்னிடம் எடுத்து வந்தார்.

"பாருங்கண்ணே. குடியிருப்பவர் பேருன்னு போட்டிருக்கு. அதுல அவ பேரு. பலகையிலயும் அவ பேருதான் வரும். சரி, தொலையட்டும். கீழ பாருங்க. கூட வசிப்போர் பட்டியல். தகப்பனார், தாயார், மனைவி, பிள்ளைகள். புருஷன்னு ஒரு இடமே இல்ல."

நான் படிவத்தை நிதானமாகப் படித்தேன். படிவம் தவறு செய்யாது. தவறு மனிதர்களுடையதாகத்தான் இருக்கும்.

"கடைசியில ஒரு கட்டம் இருக்கே தம்பி."

"'மற்றவை.' பக்கத்துல என்ன போட்டிருக்கு படிங்க."

படித்தேன். 'மற்றவை: மாடு, வேலையாள் முதலியன.'

"நான் மாட்டுக்குப் பின்னாலயா அண்ணே, வேலையாளுக்குப் பின்னாலயா?"

"அகர வரிசைப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலையே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. பிளாக்கின் ஆண்கள் அனைவரும் வந்திருந்தார்கள். பெண்கள் டீ போட்டு அனுப்பினார்கள். 'ஒரு பிளாக்கின் ஆண் கௌரவம் இன்னொரு பிளாக்கின் கேலிக்கு ஆளாகலாகாது' என்ற தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். சுரங்கத்தில் போர்மேனாக இருக்கும் ஜெயராமன் விஞ்ஞான ரீதியாக வழிமொழிந்தார்.

"மைன்ஸ்ல நிலக்கரிக்கு அடியில தண்ணி இருக்கு. எந்நேரமும் மேல அழுத்திக்கிட்டே இருக்கும். ராப்பகலா பம்ப் வெச்சு எறைக்கிறோம். ஒரு நாள் நிறுத்தினா தரையைப் பொத்துக்கிட்டு வந்துடும். ஆம்பள மனசும் அப்படித்தான்."

"அப்ப பம்ப் எது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அதைச் செயலாளர் சொல்லுவார்," என்று ஜெயராமன் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாக் கண்களும் என் மேல் விழுந்தன. நான் டீயைக் கீழே வைத்தேன்.

என்னிடம் பம்ப் இருந்தது. ஏற்கெனவே ஒரு முறை ஓட்டிப் பார்த்து முழு வெற்றி கண்ட பம்ப். என் தகரப் பெட்டியின் அடியில், கார்பன் நகலாக.

இங்கே என் மனைவி கனகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆசிரியைப் பயிற்சியில் முதல் வகுப்பு. ஏழு வருஷத்துக்கு முன் நாங்கள் சங்கரன்கோவிலில் இருந்தபோது, ஒரு பெண்கள் பள்ளியில் அவளைத் தேர்ந்தெடுத்து, சம்மதம் கேட்டு எழுதினார்கள். தபால்காரன் அதை என் கையில் கொடுத்தான். பிறகு என்ன காரணமோ, பள்ளியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கனகம் ஒரு வருஷம் முழுக்க வாசலில் நின்று தபால்காரனைப் பார்த்தாள். "எங்கயாவது தவறிப் போயிருக்கும். எல்லாம் நம்ம ராசி," என்று அவளைத் தேற்றியதே நான்தான். நெய்வேலி வந்த பிறகு புஷ்பவல்லியிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். இப்போது பிளாக் குழந்தைகள் மாலையில் எங்கள் சமையலறைக்கு வந்து அவளிடம் கணக்குப் படிக்கின்றன. ரசம் கொதிக்கும் நேரத்துக்குள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிடுவாள். உத்தியோகம் இல்லாமலேயே ஒரு பெண் எவ்வளவு திருப்தியாக வாழலாம் என்பதற்கு அவளே சாட்சி. அவளைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

பதிமூன்றாம் நாள். மதிய இடைவேளை. ஸ்டோர்ஸில் நாங்கள் இருவர் மட்டும். கதவைச் சாத்தினேன். டைப் மெஷினில் காகிதத்தைச் செருகினேன். பக்கத்தில் என் பழைய நகல்.

கடிதம் ஆங்கிலத்தில். சாரத்தைத் தமிழில் தருகிறேன். 'தாங்கள் அன்புடன் அளித்த பதவியை ஏற்க இயலாமைக்கு மிக வருந்துகிறேன். என் கணவர் தீராத வயிற்று வலியால் அவதியுறுகிறார். என் கையால் வைத்த மிளகு ரசம் தவிர எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே என் இடம் வீடே. இதனால் குழந்தைகளின் படிப்புக்கு இடையூறு நேருமாயின் மன்னிக்க வேண்டுகிறேன்.' மிளகு ரசத்துக்கு ஆங்கிலத்தில் 'பெப்பர் வாட்டர்' என்று எழுதியிருந்தேன். கம்பீரமாக இருந்தது.

நகல் எடுக்கும்போது வரி வரியாக எடுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசிப்பவன் தவறு செய்வான். இது நல்ல குமாஸ்தாவின் முதல் விதி. நான் நல்ல குமாஸ்தா.

சக்கரபாணி கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளாக, சரக்குக் கேட்கும் இண்டெண்ட் படிவங்களின் பின்பக்கம் போட்டுப் பழகியிருந்தார். 'பு'வின் வளைவில் புஷ்பவல்லியே ஏமாந்துவிடுவாள் என்றால் மிகையில்லை.

"இதை நேராப் பணியாளர் பிரிவுல கொடுத்துடறேன் அண்ணே. ரெண்டு நிமிஷ வேலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தம்பி, என்ன பேச்சு பேசறே? ஊழியர் எழுதற எந்த மனுவும் அவங்க பிரிவு சூப்பிரண்டு மூலமாத்தான் போகணும். பொய் எழுதலாம். முறை தவறக் கூடாது."

அவர் தலை குனிந்தார். நான் காகிதத்தின் தலைப்பில், இடது ஓரத்தில், என் கைப்படவே எழுதினேன்: 'தபால் பிரிவு சூப்பிரண்டு மூலமாக.' அடிக்கோடும் போட்டேன்.

இரண்டு வாரமாக அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகத்தான் கூட்டம் போட்டோம், தீர்மானம் போட்டோம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம். ஆனால் 'சூப்பிரண்டு' என்று எழுதியபோது எங்கள் இருவர் மனசிலும் வந்து நின்றது ஒரு வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியும்தான். அதுதான் பயிற்சி பெற்ற மூளை என்பது.

மணி மூன்றே கால். தபால் பியூன் பாவாடை வந்து காகிதத்தை வாங்கிப் போனான்.

மணி மூன்றே முக்கால். பாவாடை திரும்பி வந்தான். கையில் ஒன்றுமில்லை.

"என்ன பாவாடை, கொடுத்துட்டியா?"

"குடுத்துட்டன் சார். அம்மா படிச்சாங்க. திருப்பியும் ஒருவாட்டி படிச்சாங்க. அப்பறம் சிரிச்சாங்க."

"எந்த அம்மா?"

பாவாடை என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"சூப்பிரண்டு அம்மா சார். வேற எந்த அம்மா இருக்காங்க? ஒங்க ரெண்டு பேரையும் கூட்டியாரச் சொன்னாங்க."

சக்கரபாணியின் முகத்திலிருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். பம்ப் நின்றுவிட்டது.

தபால் பிரிவின் கோடியில் மேஜை. புஷ்பவல்லி நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருந்தாள்.

"உக்காருங்க. ஒரு மனு வந்திருக்கு. மேல அனுப்பறதுக்கு முன்னாடி நான் சிபாரிசு எழுதணும். அதுக்குச் சில விவரம் வேணும்." கணவனைப் பார்த்தாள். "உங்களுக்கு வயித்து வலி எப்ப இருந்து?"

சக்கரபாணி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இன்னிக்கு... மத்தியானத்துல இருந்து."

"மிளகு ரசம் மட்டுந்தான் ஒத்துக்குமாமே. மிளகு வாசனை பட்டாலே உங்களுக்கு ஒன்பது தும்மல் வருமே. கல்யாணம் ஆன நாளா நான் மிளகு டப்பாவைத் திறந்ததே இல்லியே."

"புஷ்பா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுலதாங்க பேசக் கூப்பிட்டேன். பதிமூணு நாளா. ஒரு வார்த்தை கேட்டேன். நீங்க பேசல. ஒரு கடுதாசியே எழுதிட்டீங்க."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். பிரிவு முழுவதும் டைப் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். 'சம்மதம்' என்று எழுதியிருந்தது. எங்கள் கண்ணெதிரே கையெழுத்திட்டாள், தேதி போட்டாள், பாவாடையிடம் நீட்டினாள். தன் மனுவைத் தானே சிபாரிசு செய்துகொண்டாள். முறைப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் ஆட்சேபிக்க இடமில்லை.

"புது வீட்டுப் படிவமும் பூர்த்தி பண்ணிட்டேன்," என்றாள் சக்கரபாணியிடம். "நமக்கு மாடு இல்ல. அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கு. வர்றதுன்னா சொல்லுங்க, எழுதிக்கறேன். வரலைன்னா கோடு போட்டுடறேன்."

அந்தப் பெருமகன் கீழே பார்த்தார். மேலே பார்த்தார்.

"எழுதிக்கோ," என்றார்.

தோல்வியிலும் இந்தக் கண்ணியம் எத்தனை பேருக்கு வரும்? நான் எழுந்தேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, நீங்க இருங்க."

புஷ்பவல்லி கடிதத்தை இன்னும் கையில் வைத்திருந்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"'குழந்தைகளின் படிப்புக்கு இடையூறு.' இந்தத் தபால் பிரிவுல எந்தக் குழந்தைங்க படிக்குதுண்ணே?"

நான் மறுபடி மின்விசிறியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை மெல்ல என் முகத்திலிருந்து இறங்கி என் வயிற்றில் வந்து நின்றது. மிளகு ரசத்தில் வளர்ந்த வயிறு. பிறகு அவள் சிரிப்பு போய்விட்டது.

கடிதத்தை நாலாக மடித்தாள். ஃபைலில் வைக்கவில்லை. கைப்பைக்குள் வைத்தாள்.

"அதுல ஆபீஸ் முத்திரை விழுந்தாச்சு புஷ்பவல்லி. ஃபைல்ல இருக்க வேண்டிய பேப்பர்," என்றேன். விதி விதிதானே.

"இது ஆபீஸ் பேப்பர் இல்லண்ணே. வீட்டுப் பேப்பர். ஏழு வருஷம் லேட்டா டெலிவரி ஆவுது. தபால் பிரிவுக்கு அது ஒரு அவமானம்."

ஐந்து மணிக்கு அவள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். நான் சக்கரபாணியோடு அடுத்த பஸ்ஸில் போனேன். வழியில் அவர் ஒன்பது முறை தும்மினார்.

வீட்டு வாசலில் ஒரு குழந்தையின் செருப்புகூட இல்லை. அன்று கணக்கு வகுப்பு இல்லை போலும். உள்ளே கனகம் எனக்குத் தட்டு வைத்திருந்தாள். குழைந்த சோறு. ரசத்தில் ஆவி பறந்தது. தட்டுக்குப் பக்கத்தில் நாலு மடிப்பும் விரித்த காகிதம் ஒன்று. பறக்காமல் இருக்க அதன் மேல் தண்ணீர்ச் செம்பு.

"படிங்க," என்றாள்.

"எனக்குத் தெரியும் கனகம், அது வந்து..."

"சத்தமாப் படிங்க. எனக்கு இங்கிலீஷ் மறந்துக்கிட்டே வருது."

படித்தேன். வருத்தம் தெரிவித்தேன். வயிற்று வலி வந்தது. பெப்பர் வாட்டர் வந்தது. அடுப்பில் ரசச் சட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளின் படிப்பு வரைக்கும் வந்தேன். அதற்குக் கீழே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.

கனகம் கணக்குக்கு விடை கேட்டுவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பாளே, அப்படிப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இதுல பேரும் தேதியும் மட்டுந்தானா புதுசு?"